சாடிக்குள் மூலிகை: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: ரொறன்ரோவில் வாழும் என் மகன் தன் வீட்டின் நிலக்கீழ் அறையில் இரசாயனம் எதுவும் இடாமல் நான்கு கஞ்சாச் செடிகளை மின்விளக்கின் கீழ் வளர்க்கிறான். அங்கே அது குற்றமில்லை என்றும், என் மூட்டு நோவுக்கு நானும் இங்கே அறைக்குள் இரண்டு செடிகள் வைக்கலாம் என்றும் சொல்கிறான். நான் முன்பின் சாடியில் எதையும் வளர்த்தவன் அல்லன். எப்படித் தொடங்குவது?
– வாசகர், மானிப்பாய்

பதில்: ஐயா, உங்கள் மகன் சொல்வது அவர் வாழும் இடத்துக்குப் பொருந்தும். கனடா 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி தொடக்கம் வயதுவந்தோர் கஞ்சாவைப் பயன்படுத்துவதைச் சட்டபூர்வமாக்கியது. ஒன்ராறியோ மாகாணத்தில் 19 வயது நிறைந்தோர் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்கலாம். இலங்கையிலோ நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி அனுமதியின்றிக் கஞ்சா பயிரிடுவது குற்றம். அறைக்குள் ஒரு சாடியில் வளர்த்தாலும், சொந்த நோவுக்காக வளர்த்தாலும் அது குற்றமே. ஆகவே அந்தச் செடியை வளர்க்கும் முறையை நான் இங்கே எழுதப்போவதில்லை, நீங்களும் அதில் இறங்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

சித்த மருத்துவ நூல்களில் கஞ்சா இடம்பெறுவது உண்மைதான். ஆனால் அங்கே அது சுத்தி செய்யப்பட்டு, வேறு சரக்குகளோடு அளவறிந்து சேர்க்கப்படும் ஒரு சரக்கு. இலையைப் பறித்து அப்படியே உட்கொள்வது வைத்தியமாகாது. மூட்டு நோவைக் கைதடியில் உள்ள சித்த மருத்துவர்களிடமோ உங்கள் குடும்ப வைத்தியரிடமோ காட்டுங்கள். மாத்திரை எடுப்பவராயின் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மகிழ்வித்தது, இரசாயனமின்றி வீட்டுக்குள் ஏதேனும் வளர்க்க வேண்டும் என்ற ஆசை. அதை விட்டுவிடாதீர்கள். முதன்முறை வளர்ப்பவருக்கு வல்லாரையும் கற்பூரவள்ளியுமே ஏற்றவை. வல்லாரை ஈரத்தையும் அரைநிழலையும் விரும்புவதால் வீட்டுக்குள் மனம் சலிக்காமல் வளரும், சம்பலுக்கும் கைகொடுக்கும். கற்பூரவள்ளியின் தண்டில் ஒரு சாண் துண்டை நட்டாலே வேர்விடும், ஆனால் அதற்கு வெயில் வேண்டும், தண்ணீர் குறைவாகவே வேண்டும். இரண்டையும் ஒரே சாடியில் வைத்தால் ஒன்றுக்குப் பொருந்திய ஈரம் மற்றதை அழுகச் செய்யும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை சாடிக் கலவை. எங்கள் செம்மண்ணைத் தனியே சாடியில் நிரப்பினால் சில வாரங்களில் இறுகி, வேருக்குக் காற்றுப் போகாது. செம்மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு என்று கலந்து, ஒரு சாடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேருங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும். அதனால் அதை ஊறவைத்து இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்த பின்னரே கலக்க வேண்டும். ஆட்டெருவை நேரே போடாதீர்கள். விவசாயப் போதனாசிரியராகப் பணிக்குச் சேர்ந்த புதிதில், பட்டியிலிருந்து அள்ளிய பச்சை எருவை இட்டு ஒரு வரிசை வல்லாரையை ஒரே கிழமையில் கருக விட்டவன் நான். எரு உக்கும்போது எழும் சூடும் அதிலுள்ள அமோனியாவும் இளவேரைச் சுட்டுவிடும். இரண்டு மூன்று மாதம் குவித்து, இடையிடையே புரட்டி, மண்வாசனை வரும் வரை பொறுத்திருங்கள்.

கேள்வி: நகரில் மாடி வீட்டில் இருக்கிறோம். முற்றம் கிடையாது. யன்னலோரம் போதுமா, விளக்கு வாங்க வேண்டுமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: அம்மா, முதலில் யன்னலின் திசையைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் சூரியன் சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் இறுதியிலும் நேர் உச்சியில் நிற்கும். அதனால் மார்கழி, தை மாதங்களில் தெற்கு யன்னலுக்கு வரும் வெயில் ஆனியில் வராது. அப்போது அது வடக்கு யன்னலுக்கு இடம்மாறிவிடும். கிழக்கு யன்னலில் ஆண்டு முழுதும் காலை வெயில் கிடைக்கும், அந்த வெயில் இலையைக் கருக்குவதுமில்லை. அது இருந்தால் விளக்கே வேண்டாம். யன்னல் இல்லாத அறையாயின் சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. மின்குமிழை இலைக்கு ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 12 முதல் 14 மணித்தியாலம் எரிய விடலாம். தண்டு மெலிந்து நீண்டு ஒரு பக்கம் சாய்ந்தால் செடிக்கு ஒளி போதவில்லை.

கேள்வி: இரசாயன உரம் ஒரு சிட்டிகை கூட இடவில்லை. தினமும் இருவேளை கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். ஆனாலும் சாடிச் செடிகளின் இலைகள் மஞ்சளாகின்றன. என்ன குறை?
– வாசகி, சுன்னாகம்

பதில்: எந்த இலை மஞ்சளாகிறது என்று நீங்கள் எழுதவில்லை, பதில் அதில்தான் இருக்கிறது. அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. மேல்மண்ணைக் கிளறி இரண்டு கைப்பிடி கூட்டெரு இடுங்கள். நுனியில் உள்ள இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து வேருக்கு எட்டவில்லை. முதியதும் இளையதும் ஒருமிக்க வாடி மஞ்சளானால் தண்ணீர் மிகுந்து வேர் அழுகுகிறது. இருவேளை ஊற்றுவதாக எழுதியிருப்பதால் இந்தக் கடைசிச் சந்தேகம் எனக்கு வலுவாக உண்டு. விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம்.

இரும்புக் குறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது எங்கள் மண்ணுக்கே உரிய சிக்கல். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லினூடே தேங்கி நிற்பது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவம் சாடியின் விளிம்பிலும் படிகிறது. தோட்டக் காணியில் மாரி மழை மண்ணைக் கழுவிவிடும். கூரைக்குக் கீழே இருக்கும் சாடிக்கு அந்த மழை கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் கிணற்று நீரை மட்டுமே ஊற்றும்போது சாடி மண் காரத்தன்மை பெற்று, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாமல் போகிறது. எனவே எருவை மேலும் மேலும் கொட்டுவதால் பயனில்லை. ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை பெய்யும் மழையை மூடியுள்ள தாங்கியில் பிடித்து வைத்துச் சாடிகளுக்கு ஊற்றுங்கள். தாங்கியை வலையால் மூடாவிட்டால் நுளம்பு பெருகும். மழைநீர் தீர்ந்தால் கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, தெளிந்த மேல்நீரை ஊற்றலாம். சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும். ஆனால் உவர்நீராயின் கொதிக்க வைத்தும் உப்பு நீங்காது.

இரசாயன உரத்தைத் தவிர்த்ததற்காக உங்களைப் பாராட்டுகிறேன். அந்த உரத்திலிருந்து நிலத்தடி நீருக்குள் இறங்கும் நைத்திரேற்று என்னும் உப்பு வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாம் குடிப்பதும் அதே நீரைத்தான். இப்போது செய்ய வேண்டியது இவ்வளவே: சாடியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள், விளிம்பு வெள்ளையைச் சுரண்டி எடுங்கள், மழைநீரைத் துளைவழி வழியும் வரை ஒருமுறை ஊற்றிக் கழுவுங்கள். மஞ்சளான பழைய இலை மீண்டும் பச்சையாகாது. அடுத்து வரும் தளிரின் நிறத்தைப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.