ஏகேடி கலந்தும் தாளில் மை பரவுகிறதா?

அளவைக் கூட்டாதீர்கள். கூழில் ஏகேடி (தாள் நீரையும் மையையும் உறிஞ்சாமல் தடுக்கச் சேர்க்கும் ஆல்கைல் கீட்டீன் டைமர்) கலந்தும் தாள் காய்ந்த கையோடு மை பரவுகிறது என்றால், அது இன்னும் நாரோடு முழுதாக வினைபுரியவில்லை என்றுதான் முதலில் சந்தேகிப்பேன். செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு அது மெதுவாகத்தான் இணையும், அதற்குச் சூடும் வேண்டும், பிஎச் 7.5 முதல் 8.5 வரை இருப்பது நல்லது. ரோசின் (இதே வேலைக்குப் படிகாரத்தோடு சேர்த்துவந்த பைன் பிசின்) காலத்துப் பழக்கத்தில் படிகாரத்தை அள்ளிப் போட்டிருந்தால் வினை இன்னும் மந்தமாகிவிடும்.

ஒரு துண்டை மட்டும் 105 டிகிரி செல்சியஸ் சூட்டடுப்பில் 10 நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். அப்புறம் அதிலும் சூடாக்காத துண்டிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சூடுபட்டதில் மட்டும் சொட்டு உருண்டு நின்றால் உலர்த்தும் சூடு போதவில்லை. இரண்டிலும் ஊறினால் ஏகேடி பால்மம் (நீரில் கலந்த பால் போன்ற கலவை) பழசாகிக் கெட்டிருக்கலாம், அல்லது நாரில் தங்காமல் வெள்ளைநீரோடு (கூழிலிருந்து வடியும் நீரோடு) போயிருக்கலாம்.

ஆனால் ஒன்று, ஏகேடி மிஞ்சினால் தாள் வழுக்கும்.