சுற்றுலா நின்றபோது பவளப்பாறைக்கு என்ன ஆனது? வாசகர் கேள்வி – பதில்

கிராண்ட் பே வாசகர்: 2020இல் கொரோனாவால் மொரிசியஸுக்கு விமானங்கள் நின்ற பிறகு எங்கள் லகூன் (கரைக்கும் பவளப்பாறைக்கும் இடையே உள்ள ஆழமில்லாத கடல்) அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிந்தது. பவளமும் பிழைத்துக்கொண்டது என்று சொல்லலாமா?

நீர் தெளிந்தது உண்மைதான். ஒன்று, ஒன்றரை மீட்டர் ஆழமே உள்ள லகூனில் நூறு பேர் இறங்கி நடந்தால் மணல் கிளம்பாமல் என்ன செய்யும்? படகு விசிறி அதை இன்னும் கலக்கிவிடும். அந்தப் பொடி பவளத்தின் மேல் படியும்போது பவள உயிரி சளி சுரந்து அதைத் தள்ளியாக வேண்டும். வளர்ச்சிக்குப் போக வேண்டிய சக்தி இந்த வேலையில் கரைகிறது. கலங்கிய நீரில் வெளிச்சமும் குறையும். பவளத் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். பவளத்தின் உணவில் பெரும்பங்கு அந்தப் பாசி செய்து தருவது.

ஆனால் நீரின் தெளிவை வைத்துப் பவளம் தேறிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் திரும்புவது மீன். ஹவாயின் மொலொக்கினித் தீவில் 2020இல் ஆட்கள் வராதபோது பாரை போன்ற வேட்டை மீன்கள் பாறையருகே கூடின. படகுகள் மறுபடி வந்ததும் விலகிப் போயின. தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடினார்கள். கருமுனைச் சுறாக்கள் ஆழமில்லாத கரையோரத்துக்கே வந்துவிட்டன. பவளத்தையோ அங்கே கையால் நட வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் திறந்தபோது ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, நீந்துவதற்கும் தடை போட்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறோம்.

பவளத்தின் கணக்கு வேறு. பாறைபோல் உருண்டு திரண்ட வகை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும், மான்கொம்புபோல் கிளைவிடும் வகை 10 செ.மீ. அல்லது அதற்கு மேல். மொரிசியஸ் 2020 மார்ச்சில் எல்லையை மூடி, 2021 அக்டோபர் 1 அன்று முழுதாகத் திறந்தது. இந்த ஒன்றரை ஆண்டில் உருண்டைப் பவளம் ஏறியிருப்பது ஒன்றரை செ.மீ. காலில் உரசி உரிந்த திசு மூடிக்கொள்ள அது போதும். நங்கூரம் பிளந்த பெரிய பவளம் பழைய அளவுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

கியூப்பிப் வாசகி: ஆளே போகாத 2020இலும் ஆஸ்திரேலியாவில் பவளம் வெளுத்ததாகப் படித்தேன். அப்படியானால் சுற்றுலாவைக் குறை சொல்வது எதற்கு?

படித்தது சரி. 2020 பிப்ரவரி, மார்ச்சில் கிரேட் பேரியர் ரீஃப் முழுவதும் பரவலாக வெளுத்தது. ஐந்து ஆண்டுகளில் அது மூன்றாவது முறை. காரணம் கடல் வெப்பம். சூடு தாங்காத பவளம் தன்னுள் இருக்கும் நுண்பாசியை வெளியேற்றி வெள்ளையாகிவிடும்; அதுதான் வெளுப்பு. வழக்கமான கோடை உச்சத்தைவிட நீர் 1 டிகிரி கூடி, நான்கு வாரம் அப்படியே நின்றால் வெளுப்பு தொடங்கும். எட்டு வாரம் நின்றால் பவளம் பெருமளவில் சாகத் தொடங்கும். 1998இல் இந்துமாக்கடல் எங்கும் பவளம் வெந்தபோது மொரிசியஸ் ஓரளவு தப்பியது. பிப்ரவரியில் வந்த அனசெல் புயலின் மேகமும் காற்றும் நீரைக் குளிர்வித்தன என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் விளக்கம். 2016இல் நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

உள்ளூர்த் தொல்லை முக்கியமாவது வெளுப்புக்குப் பிறகு. செத்த பவள எலும்பின் மேல் பாசி படர்ந்துவிட்டால் புதிய பவளக் குஞ்சு ஒட்ட இடமிருக்காது. அந்தப் பாசியைத் தின்பவை கிளிமீனும் ஓராவும். வளர்ப்பது கழிவுநீரும், மழையில் ஓடிவரும் கரும்புத் தோட்டத்து உரமும். ஹோட்டல் காலியானதால் கழிவுநீர் குறைந்தது; உரம் குறையவில்லை.

மாஹேபூர் வாசகர்: எங்கள் பக்கம் அந்த இடைவெளி ஏதாவது நன்மை செய்ததா?

பிரித்துச் சொல்வது கடினம். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் உங்கள் ஊரருகே ப்வாண்ட் தெஸ்னி எதிரே பாறையில் ஏறியது. ஆகஸ்ட் 6 முதல் சுமார் 1000 டன் எண்ணெய் கொட்டியது. ஆட்கள் வராததன் பலனும் எண்ணெயின் கேடும் ஒரே நீரில் கலந்துவிட்டன.

த்ரூ ஓ பிஷ் படகுக்காரர்: பயணிகள் மறுபடி நிறைய வருகிறார்கள். பாறைக்குக் கெடுதல் இல்லாமல் படகை நிறுத்துவது எப்படி? மீனுக்கு ரொட்டி போடலாமா?

மிதவை இருக்கும் இடத்தில் மிதவையில் கட்டுங்கள். இல்லையென்றால் மணல் திட்டில் மட்டும் நங்கூரம் போடுங்கள். நங்கூரம் விழுவதைவிடச் சங்கிலிதான் அதிகம் கெடுக்கும். காற்று திரும்பும்போது படகும் திரும்பும்; அடியில் கிடக்கும் சங்கிலி வட்டமாக இழுபட்டு, வழியில் உள்ள கிளைகளையெல்லாம் அரைத்துவிடும். கயிறு ஆழத்தைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நீளம் வேண்டும். எனவே மணல் திட்டு அந்த வட்டத்தைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கயிற்றின் நடுவே சிறிய மிதவை ஒன்றைக் கட்டினால் அது அடியில் உரசாது. எடுக்கும்போது நங்கூரத்துக்கு நேர் மேலே படகைக் கொண்டுவந்து தூக்குங்கள், பக்கவாட்டில் இழுக்காதீர்கள்.

ரொட்டி வேண்டாம். ரொட்டிக்குப் பழகிய மீன் கூட்டம் படகடியிலேயே சுற்றும். பாசி மேயும் வேலை நின்றுபோகும். ஊறிய ரொட்டி நீரையும் கெடுக்கும். பயணிகளிடம் மறுப்பது சங்கடம் என்றால், மீன் பாறையை மேய்வதைக் காட்டுங்கள். கிளிமீன் சுண்ணாம்பைக் கடிக்கும் சத்தம் நீருக்கடியில் தெளிவாகக் கேட்கும்.

நீரிறக்கத்தில் ஒரு மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள பாறை மேல் யாரையும் இறக்காதீர்கள். நீச்சல் சரியாக வராதவருக்கு மிதவை அங்கி கொடுத்தால் பவளத்தின் மேல் எழுந்து நிற்க மாட்டார். முதுகில் சன்ஸ்க்ரீன் தடவுவதற்குப் பதில் நீளக்கை சட்டை போடச் சொல்லுங்கள். சில சன்ஸ்க்ரீன்களில் உள்ள ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் பவளத்துக்குக் கெடுதல் என்று கருதி, அது கலந்த பூச்சுகளின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது.

ரோஸ் ஹில் ஆசிரியை: மாணவர்கள் பாறையின் நிலையைப் பதிவு செய்ய விரும்புகிறார்கள். எளிய முறை உண்டா?

உண்டு. 20 மீட்டர் அளவு நாடாவைப் பாறை மேல், எதையும் தொடாமல் விரியுங்கள். ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: உயிர்ப்பவளம், வெளுத்தது, செத்தது, பாசி, மணல். மொத்தம் 40 புள்ளிகள். உயிர்ப்பவளம் 12 புள்ளிகளில் இருந்தால் 12ஐ 2.5ஆல் பெருக்குங்கள்; 30 விழுக்காடு. ஒரே நாடா போதாது. 5 மீட்டர் இடைவெளி விட்டு நான்கு நாடாவாவது போடுங்கள்.

மாணவர்கள் தடுமாறுவது வெளுத்ததையும் செத்ததையும் பிரிப்பதில். வெளுத்தது பளிச்சென்ற வெள்ளை. அருகில் பார்த்தால் கண்ணாடிபோன்ற திசுவும் நுண்ணிய உணர்கொம்புகளும் இன்னும் இருக்கும். அது பிழைக்கலாம். செத்ததன் மேல் சில நாளிலேயே பச்சை, பழுப்பு நிறத்தில் மெல்லிய பாசி ஏறிவிடும். ஒடிந்த துண்டு கிடந்தாலும் எடுத்துவர வேண்டாம். பவளம் எடுப்பது இங்கே சட்டப்படி குற்றம். படம் எடுக்கும்போது சட்டகத்தில் ஓர் அளவுகோலை வைத்து, அடுத்த ஆண்டும் அதே மாதம், அதே நீர்மட்டத்தில், அதே இடத்தை எடுங்கள். சூடு உச்சத்தில் இருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் ஒருமுறையும், குளிர்ந்தபின் ஆகஸ்டில் ஒருமுறையும் போனால் வெளுத்ததில் எது பிழைத்தது என்பதும் உங்கள் ஏட்டிலேயே தெரிந்துவிடும்.