தோழியின் பங்கையும் என் கார்டில் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 34,000 ரூபாய். வீட்டுக்கு 15,000, ஆர்.டி. 4,000, ஸ்கூட்டர் தவணை 3,200 (இன்னும் நான்கு மாதம் பாக்கி). வங்கியில் 2 லட்சம் டெபாசிட் இருக்கிறது. கல்லூரித் தோழியும் நானும் வரும் அக்டோபரில் ஆளுக்கொரு முதுகுப்பையோடு 20 நாள் வியட்நாம் போக ஆசைப்படுகிறோம். ஹனோய், பான் ஜோக் அருவி, டா நாங், ஹோய் ஆன், கடைசியாக சைகோன். தலைக்கு 1,10,000 ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். தோழிக்குக் கல்விக் கடன் ஓடுவதால் 60,000தான் புரட்ட முடியுமாம். மீதி 50,000-ஐ என் கிரெடிட் கார்டில் போடச் சொல்கிறாள், வந்ததும் மாதம் 5,000 தருவாளாம். என் செலவுக்கு 1.5 லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாமா, டெபாசிட்டை உடைக்கலாமா? தோழியிடம் முடியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை.

பதில்: போய் வாருங்கள். 26 வயதில் தோழியோடு இப்படி ஒரு பயணம் போவதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். கல்யாணம், குழந்தை, பெற்றோரின் மருத்துவம் என்று ஒவ்வொன்றாக வந்தபின் 20 நாள் சேர்ந்தாற்போல் கிடைப்பது கடினம். ஆனால் லோன் வேண்டாம், டெபாசிட்டைத் தொட வேண்டாம், தோழியின் 50,000-ஐ உங்கள் கார்டில் ஏற்றவே வேண்டாம்.

முதலில் அந்த 50,000. கார்டு பாக்கியைக் கெடுவுக்குள் முழுதாகக் கட்டாவிட்டால் பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதம் வரை வட்டி. 50,000-க்கு அது 1,750 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 315. ஆக 2,065. தோழி சொன்ன தேதியில் 5,000 கொடுத்தாலும் முதல் மாதம் அசலில் குறைவது 2,935 ரூபாய்தான். பத்து மாதத்தில் 50,000 கொடுத்து முடித்துவிட்டதாக அவர் நினைப்பார், உங்கள் ஸ்டேட்மெண்டில் பாக்கி நின்றுகொண்டிருக்கும். இந்த வட்டியை யார் கட்டுவது என்ற பேச்சு எழும் இடத்தில்தான் நட்பு அடிபடுகிறது. இரண்டு பேர் ஒரே கார்டில் ஊர் சுற்றிவிட்டு வந்து, கணக்குத் தீர்க்க முடியாமல் பேச்சை நிறுத்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருமே நல்லவர்கள்.

பர்சனல் லோனையும் பார்த்துவிடுவோம். 1.5 லட்சம், 14 சதவீதம், இரண்டு வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 7,200. வட்டியும் பிராசசிங் கட்டணமும் சேர்த்து 26,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போகும். இன்னொரு விமான டிக்கெட்டின் விலை அது. டெபாசிட்டில் இருக்கும் 2 லட்சம், வேலை போனாலோ வீட்டில் யாருக்காவது முடியாமல் போனாலோ உதவ வேண்டிய பணம். அது அங்கேயே இருக்கட்டும்.

அப்படியானால் வழி? பயணத்தை அடுத்த ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளுங்கள். இதைப் பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சீன எல்லையில் காவ் பாங் மாகாணத்தில் இருக்கும் பான் ஜோக், மழைக்காலத்தில்தான் அகன்று பெருகி விழும். மழை இல்லாத மாதங்களில் நீர் ஒடுங்கிவிடும். டா நாங், ஹோய் ஆன் பக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே அக்டோபர், நவம்பரில் அடைமழையும் புயலும். ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளம் ஏறுவதும் அந்த மாதங்களில்தான். நீங்கள் குறித்த அக்டோபரில் அருவி கிடைக்கும், கடற்கரை கிடைப்பது சந்தேகம். அறைக்கு வாடகை கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாக மழை பார்ப்பீர்கள். ஆகஸ்ட் கடைசி வாரம் புறப்பட்டால் இரண்டும் ஓரளவு கூடிவரும். செப்டம்பர் 2 அவர்களுடைய தேசிய நாள். அதை ஒட்டி ரயிலும் பஸ்ஸும் நிரம்பி வழியும் என்பதால் அந்த நாட்களுக்கு மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தப் பன்னிரண்டு மாதத்தில் உங்கள் பணம் எப்படிச் சேரும் என்று பாருங்கள். எல்லாம் போக இப்போது கையில் 11,800 நிற்கிறது. அதில் 6,000-ஐத் தனி ஆர்.டி.யில் போட்டால் வருடத்துக்கு 72,000. நான்கு மாதத்தில் ஸ்கூட்டர் தவணை முடிகிறது. அந்த 3,200-ஐயும் அப்படியே இதில் சேர்த்தால் எட்டு மாதத்துக்கு 25,600. ஆக 97,600. குறைவது 12,400. தீபாவளி போனஸைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் திருப்பூரில் போனஸ் வராத தீபாவளியா? அதிலிருந்து எடுத்து வையுங்கள்.

தோழிக்கும் இதே கணக்குதான். வந்தபின் தருகிறேன் என்று சொல்லும் அதே 5,000-ஐ இன்றிலிருந்து சேர்த்தால் பத்தே மாதத்தில் 50,000, வட்டி ஒரு பைசா இல்லாமல். அவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. "நீ எனக்குத் தர நினைத்ததை உனக்கே போட்டுக்கொள், ரெண்டு பேரும் சேர்ந்தே சேர்ப்போம்" என்று சொல்லுங்கள். வரும் மே மாதம் டிக்கெட் எடுக்கும்போது அவரவர் டிக்கெட்டை அவரவர் பணத்தில் எடுங்கள். அப்போதும் அவரால் முடியவில்லை என்றால் பயணத்தை 12 நாளாகக் குறைத்து, குறைவாக இருக்கும் கைக்கு ஏற்றபடி திட்டத்தை மாற்றுங்கள்.

உங்கள் பட்டியலில் விடுபட்ட ஒரு செலவு, சம்பளப் பிடித்தம். விடுமுறை கணக்கில் இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 1,100 ரூபாய்க்கு மேல் பிடிப்பார்கள். எட்டு நாள் என்றால் 9,000. இந்த வருடம் லீவைச் சேர்த்து வையுங்கள்.

ஹனோயில் இறங்கி சைகோனிலிருந்து திரும்பும்படி டிக்கெட் எடுத்தால், வந்த வழியே வடக்கே திரும்பும் செலவு மிச்சம். ஹனோயிலிருந்து டா நாங் 791 கிலோமீட்டர்; இரவு ரயிலில் படுக்கை எடுத்தால் ஒரு நாள் அறை வாடகையும் குறையும். இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர்தான். அரசு இணையதளம் போலவே தோற்றம் காட்டி இரண்டு மூன்று மடங்கு வாங்கும் தளங்கள் உண்டு, முகவரியைச் சரிபாருங்கள். டூர் பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். பிறகு வருமான வரி ரிட்டர்னில் திரும்பப் பெறலாம் என்றாலும் அதுவரை பணம் முடங்கும். தனித்தனியாக டிக்கெட், அறை எடுக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பொதுச் செலவுக்கு ஒரு ஜிப் பை வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை ஆளுக்கு 20 லட்சம் டாங் அதில் போடுங்கள். பயந்துவிட வேண்டாம், ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 290 முதல் 300 டாங் என்பதால் அது 7,000 ரூபாயை ஒட்டித்தான் வரும். அறை, பஸ், தண்ணீர், டாக்சி எல்லாம் அந்தப் பையிலிருந்து. துணிமணி, காபி, படகுச் சவாரி அவரவர் பணம். சைகோனுக்கான பணத்தைத் தனிக் கவரில் ஒட்டி வையுங்கள். அருவியிலும் கடற்கரையிலும் செலவு தெரியாது, பெரிய நகரத்தில்தான் கரையும்; உங்கள் திட்டத்தில் அது கடைசியில் வருகிறது.

இன்சூரன்ஸ் எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள். அதோடு, காவ் பாங்கில் வாடகை பைக் ஓட்டாதீர்கள். நம் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படி கொடுக்கும் அனுமதியை. செல்லாத அனுமதியோடு ஓட்டி விழுந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட மறுக்கலாம். அந்த ஒரு பில் உங்கள் 2 லட்சத்தையும் விழுங்கிவிடும். மலைப்பாதையை அவசியம் பாருங்கள், ஆனால் உள்ளூர்க்காரர் பைக்கை ஓட்ட நீங்கள் பின்னால் உட்கார்ந்து போங்கள்.

அப்புறம், ஏ.டி.எம்.மிலோ கடை மெஷினிலோ ரூபாயில் கழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று டாங்கையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விலை உங்களுக்கு நஷ்டம்.

நோட்டுகளிலும் கவனம் வேண்டும். 20,000 டாங், 5,00,000 டாங் இரண்டுமே நீல நிற பிளாஸ்டிக் நோட்டுகள். முதலாவது 70 ரூபாய்க்குள், இரண்டாவது 1,700 ரூபாய் அளவில். ஹனோயில் ஒரு பான் மீ (அவர்களுடைய ரொட்டி சாண்ட்விச்) கடையில் காலை நேர அவசரத்தில் நான் பெரிய நோட்டை நீட்டிவிட்டேன். கடைக்கார அம்மா அதை வாங்காமல் என் கைக்குள்ளேயே மடித்து வைத்து, பர்ஸில் தெரிந்த சின்ன நீலத்தை விரலால் தொட்டுக் காட்டினார். எல்லா இடத்திலும் அந்த அம்மா இருக்கமாட்டார். முதல் நாள் பணம் மாற்றியதும் பெரிய நோட்டுகளைப் பர்ஸின் பின் அறைக்கு மாற்றிவிடுங்கள், தோழியையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள்.