காரில் உட்கார்ந்திருந்த நண்பர்

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். ட்ரவுட் பருவம் தொடங்கும் ஏப்ரல் 1 அன்று நண்பர்கள் நான்கு பேர் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் உள்ள ராஸ்கோவுக்கு ட்ரவுட் மீன் பிடிக்கப் போனோம். மழையும் பனியும் கலந்து கொட்டியது. தூண்டில் கோலின் வளையங்களில் ஐஸ் அடைத்துக்கொண்டது. ஒருவன் பாறையில் வழுக்கி விழுந்து நெஞ்சு வரை நனைந்துவிட்டான், விழுந்து விழுந்து சிரித்தோம். மீன் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் மனிதக் கை படாத இயற்கையின் மடியில் ஒரு நாள்! நான்காவது நண்பர் மட்டும் ஆற்றைப் பார்த்துவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காரிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு வருத்தம்தான். மே மாதம் திரும்பப் போகிறோம். கஷ்டத்தில் கூட நிற்காதவரை மறுபடி கூப்பிடலாமா? அப்புறம், தூண்டிலில் எந்த ஃப்ளை (பூச்சி மாதிரி செய்த போலி இரை) கட்டினால் மீன் கடிக்கும்?

கே.

அன்புள்ள கே,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த ஆள் அந்த நான்காவது நண்பர்தான்.

மனிதக் கை படாத இயற்கை என்பதை விட்டுவிடுவோம். 19-ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடுகிறவர்கள் பட்டைக்காக அந்த மலையின் ஹெம்லாக் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். நிழல் போய் ஆறு சூடேறியது, கழிவும் கலந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த புரூக் ட்ரவுட் மேல் ஓடைகளுக்கு ஒதுங்கியது. நீங்கள் தேடிப் போன பிரவுன் ட்ரவுட், 1883-இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலில் வந்ததன் வம்சம். உங்களைப் போல அதுவும் குடியேறி. இருக்கட்டும்.

மீன் கடிக்காததற்கும் மழை காரணமில்லை. மூன்று நான்கு டிகிரித் தண்ணீரில் ட்ரவுட் மந்தமாகி, ஓட்டம் குறைந்த ஆழத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும். தீனி தேடி அலையாது. தண்ணீர் பத்து டிகிரியை எட்டும்போதுதான் அங்கே அதன் தீனியான பூச்சிகள் நிறைய மேலே வரும். பெரும்பாலும் அது ஏப்ரல் நடுவுக்குப் பிறகு. ஏப்ரல் 1 என்பது வெறும் சம்பிரதாயம். பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் அந்தத் தேதி. பிடித்து விட்டுவிடுவதென்றால் 2021 முதல் அந்த மாநிலத்தின் பெரும்பாலான ஓடைகளில் ஆண்டு முழுக்கத் தூண்டில் போடலாம். இருந்தும் பீவர்கில், வில்லோவீமாக் என்ற இரண்டு ஆறுகளும் ராஸ்கோவில் கூடும் அந்த மடுவில் அன்றைக்குப் போய் நின்றால்தான் நிறைவு என்கிறவர்கள் இருக்கிறார்கள். நின்றுவிட்டுப் போகட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபம் அந்தச் சிரிப்பில்தான். மூன்று பேர் படித்தவர்கள், பிள்ளைகுட்டி உள்ளவர்களாகவும் இருக்கலாம். ஒருவன் பனி உருகி ஓடும் ஆற்றில் நெஞ்சு வரை விழுகிறான், மற்ற இருவரும் சிரிக்கிறீர்கள். அதைப் பெருமையாக எனக்கு வேறு எழுதுகிறீர்கள்!

குளிர்ந்த நீரில் விழுகிறவனை முதலில் கொல்வது குளிர் இல்லை, மூச்சு. விழுந்த அடுத்த கணமே உடம்பு தன்னால் வாயைத் திறந்து ஆவென்று காற்றை இழுக்கும். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. மூச்சு ஒரு நிலைக்கு வர ஒரு நிமிடம் ஆகும். அதற்கப்புறம் கைகால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம்தான். விரல் மடங்காது, கரையில் தொங்கும் வேரைக்கூடப் பிடிக்க முடியாது. உடம்புச் சூடு இறங்கி நினைவு தப்ப ஒரு மணி நேரம் வரை ஆகலாம். எல்லாரும் பயப்படுவது இந்தக் கடைசிக் கட்டத்துக்கு. ஆனால் பலர் அதுவரை போவதே இல்லை.

உங்கள் நண்பன் போட்டிருந்தது ஆற்றில் இறங்கி நிற்கப் போடும், மார்பு வரை வரும் தண்ணீர் புகாத கால்சட்டை, அதாவது வேடர்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன். அதன் மேல் இடுப்பில் பெல்ட் இறுக்கியிருந்தானா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேடர்ஸில் தண்ணீர் புகுந்தால் அது ஆளைக் கல்லாக அடியில் இழுக்கும் என்பார்கள். அது சரியில்லை, தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை ஏது? கரையேறும்போதுதான் வினை. இரண்டு காலிலும் குடம் குடமாகத் தண்ணீரைச் சுமந்துகொண்டு, மரத்துப்போன கையால் வழுக்குப் பாறையைப் பிடித்து ஏற வேண்டும். பெல்ட் இறுக்கமாக இருந்தால் உள்ளே புகுவது குறையும், கொஞ்சம் காற்றும் தங்கி மிதக்க வைக்கும். வேகமான ஓட்டத்தில் எழுந்து நிற்கவும் முயலக்கூடாது, கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கையால் துழாவிக் கரைக்கு ஒதுங்க வேண்டும். உள்ளே ஜீன்ஸ் போட்டிருந்தானா? கேட்கவே பயமாக இருக்கிறது. பருத்தி நனைந்தால் கதகதப்பெல்லாம் போய்விடும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் தாங்கும்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நான் வளர்ந்தது மன்னார் வளைகுடாக் கரையில். சித்தப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். விடிவதற்கு முன்பே வலையும் பழைய சோற்றுத் தூக்குவாளியுமாகக் கரைக்கு வந்துவிடுவார். வந்ததும் தண்ணீரில் இறங்கமாட்டார். சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, காதில் செருகிய பீடியை எடுக்காமல் அப்படியே நிற்பார். காற்றைப் பார்ப்பார், நீவாட்டை, அதாவது கடலின் நீரோட்டத்தைப் பார்ப்பார், அலை மடங்குகிற இடத்தைப் பார்ப்பார். சில நாள் “இன்னைக்கு வேண்டாம்” என்று ஒரே வார்த்தையோடு தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு நடந்துவிடுவார். அன்றைக்கு வீட்டில் காசு இருக்காது, சித்தி முணுமுணுப்பார். ஆனால் அந்தக் கரையில் ஒருவர்கூட அவரைக் கோழை என்று சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்து வள்ளக்காரர்களும் கடலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அவர் பின்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள்.

நீங்கள் மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போயிருப்பீர்கள், விடுப்பு எடுத்திருப்பீர்கள், புதுத் தூண்டில் வேறு வாங்கியிருப்பீர்கள். வயிற்றுப்பாட்டுக்குப் போகிறவன் திரும்பிவிடுகிறான், பொழுதுபோக்குக்குப் போகிறவனால் முடிவதில்லை. இந்த விசித்திரத்தைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

நனைந்து நடுங்கியவன் எங்கே போய் உட்கார்ந்தான், கே? அந்தக் காரில்தானே? ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது யாரால்? கூட நின்றவர் யார் என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

மே மாதம் தாராளமாகப் போங்கள், நல்ல காலம் அது. கிளம்பும் முன் குக்ஸ் ஃபால்ஸில் உள்ள அரசு அளவுமானியைப் போனிலேயே பாருங்கள், பீவர்கில்லில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். எந்த ஃப்ளை என்பதை ராஸ்கோவில் தூண்டில் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அன்றன்று எந்தப் பூச்சி பறக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். நான்காமவருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். ஆற்றில் இறங்குவதற்கு முன் நான்கு பேரும் பெல்ட் கட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மீன் படம் வேண்டாம்.