மாடித் தொட்டியும் நம்ம ஊர்ப் பட்டமும்: கேள்வி பதில்

மாடித்தோட்டம் பற்றியும் அதில் விளைவதைச் சமைப்பது பற்றியும் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் இருப்பது தருமபுரி டவுனில். 11 வருடமாக மொட்டைமாடியில் காய் வைக்கிறேன், இப்போது 60 பைகள் இருக்கின்றன. ரசாயன உரமோ பூச்சிமருந்தோ மாடி ஏறியதில்லை.

ஓசூர்: வாடகை வீடு அக்கா. தளம் ஒழுகும் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். மண் கலவை எப்படிப் போடுவது, எத்தனை பையில் தொடங்குவது?

வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள பை சுமார் 22 லிட்டர் பிடிக்கும். அதில் வெறும் செம்மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 35 கிலோவைத் தாண்டிவிடும். அதனால் செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். எடை நன்றாகக் குறைந்துவிடும். பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் சேருங்கள்.

நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால் ஊறவைத்து, அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று தடவை அலசுங்கள். அதில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு நாற்று கருகுகிறது என்கிறார்கள். கலவையைப் பையில் போட்டதும் நடக்கூடாது. ஒரு வாரம், பத்து நாள் லேசாகத் தண்ணீர் தெளித்து வையுங்கள், சூடு அடங்கட்டும்.

பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, அடியில் செங்கல் கொடுத்து வையுங்கள். அடியில் காற்று ஓடினால் தளம் காய்ந்துகொண்டே இருக்கும், ஒழுகாது. தொடங்கும்போது 10 பை போதும். கீரைக்கு அகலமான, ஆழம் குறைந்த பை 4, கத்தரி 2, மிளகாய் 2, தக்காளி 2. தோட்டக்கலைத் துறையில் மானிய விலையில் மாடித்தோட்டத் தளை (தேவையான பொருட்கள் சேர்ந்த தொகுப்பு) கொடுக்கும் நேரமா என்று ஒருமுறை விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

காவேரிப்பட்டினம்: மாசியில் கொடி அவரை போட்டேன். ஆனி முடியப் போகிறது, பந்தல் முழுக்க இலைதான், ஒரு பூ இல்லை. உரம் பற்றவில்லையா?

உரம் பற்றாமல் இல்லை அம்மா, பட்டம், அதாவது விதைக்கிற பருவம், தப்பிவிட்டது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அவரை நம் இரண்டு மாவட்டத்துக்கும் உயிரான காய்.

நாட்டு அவரைக்குப் பகல் சுருங்க வேண்டும். நம் ஊரில் ஆனியில் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம் இருக்கும், மார்கழியில் 11 மணி 25 நிமிடத்துக்கு இறங்கும். நமக்கு அது சின்ன வித்தியாசம். ஆனால் அவரைக் கொடி அதைத்தான் கணக்கு வைக்கிறது. இரவு நீண்டால்தான் பூவெடுக்கும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொல்லி வைத்தது அவரைக்கு அப்படியே பொருந்தும். ஆடியில் ஊன்றினால் கொடி ஓடி முடிக்கும் நேரமும் பகல் குறையும் நேரமும் ஒன்றாகச் சேரும். கார்த்திகை, மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும்.

உங்கள் கொடியைப் பிடுங்க வேண்டாம். ஆடி பிறந்ததும் பாதிக்கு மேல் வெட்டிக் கவாத்து செய்துவிட்டு, மேல்மண்ணைக் கிளறி இரண்டு கை மண்புழு உரம் போடுங்கள். இப்போதைக்குத் தழைச்சத்து அதிகமுள்ள எதையும் ஊற்ற வேண்டாம், மறுபடி இலையாகத்தான் தள்ளும். ஐப்பசிக்குள் பூ வந்துவிடும். வருடம் முழுக்கக் காய் வேண்டுமென்றால் குத்து அவரை போடுங்கள், அந்த ரகங்கள் பகல் நீளத்தைப் பார்க்காது. ஆனால் எனக்கு ருசி கொடி அவரைதான். 18 அங்குலப் பையில் இரண்டு செடிக்கு மேல் வேண்டாம்.

பனிக்காலத்தில் கொழுந்தில் அசுவினிப் பூச்சி கருப்பாக அப்பிக்கொள்ளும். விடியற்காலையில், இலையில் பனி ஈரம் இருக்கும்போதே சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள். என் பாட்டி செய்ததும் இதுதான், நான் செய்வதும் இதுதான்.

அதே அம்மா: காய்த்தால் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்க ஆசை. மருமகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

முற்றின பச்சை அவரைக் கொட்டையை உரித்து இரவு முழுக்கத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி விழும். குழந்தைகளை உட்கார வைத்தால் அரைப்படியும் அரைமணியில் முடிந்துவிடும்.

சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மல்லி, காய்ந்த மிளகாய், ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு எல்லாம் வதக்கித் தேங்காயோடு அரையுங்கள். இரண்டு கத்தரிக்காய் நறுக்கிப் போட்டு, மசாலா கொதித்ததும் பருப்பைப் போடுங்கள். குக்கர் வேண்டாம், திறந்த சட்டியில் கால்மணி நேரம் போதும். பருப்பு முழுசாக இருக்க வேண்டும், அழுத்தினால் வெண்ணெயாக நசுங்க வேண்டும். கூடவே சுடச்சுடக் கேழ்வரகுக் களி. மார்கழியில் இதற்கு ஈடான சாப்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

பென்னாகரம்: எங்கள் போர் தண்ணீர் உப்பு. பை மேலே வெள்ளையாகப் படிகிறது. ஃப்ளோரைடு வேறு இருக்கிறது என்கிறார்கள். அந்தத் தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிடலாமா ஐயமாக இருக்கிறது.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது தம்பி, பிரித்துப் பார்ப்போம்.

வெள்ளைப் படிவு உப்பு. பைக்கு அடியில் துளை அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மழை பெய்யும்போது பைகளை மூடாமல் விடுங்கள். மாதம் ஒருமுறை மழைத்தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ அடியில் ஒழுகும் வரை நிறைய ஊற்றினால் உப்பு இறங்கிவிடும். மேலே காய்ந்த சருகு இரண்டு அங்குலம் மூடுங்கள். வெயில் மண்ணை உறிஞ்சும்போதுதான் உப்பு மேலே ஏறுகிறது. மாடியில் விழும் மழையை ஒரு டிரம்மில் பிடித்து நாற்றுக்கும் கீரைக்கும் அதையே கொடுங்கள்.

ஃப்ளோரைடு நம் ஊரின் பழைய துன்பம். பல் பழுப்பேறி, முட்டி மடங்காமல் நின்றவர்களை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இரண்டு மாவட்டத்துக்கும் வந்ததே அதற்காகத்தான். குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உடம்பில் முக்கியமாக ஏறுவது குடிக்கிற, சமைக்கிற தண்ணீர் வழியாக. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். அதனால் குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணீர், பருப்பு வேகவைக்கப் போர் தண்ணீர் என்று பிரிக்காதீர்கள். களி கிண்டவும், குழம்பு வைக்கவும், குழந்தைக்குப் பால் கலக்கவும் நல்ல தண்ணீரையே எடுங்கள். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து அளவைத் தெரிந்துகொள்வதும் நல்லது.

கிருஷ்ணகிரி: மிளகாய் இலை சுருண்டுகொண்டே இருக்கிறது. என்ன தெளித்தும் பலன் இல்லை.

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். இரண்டும் இலைக்கு அடியில்தான் இருக்கும், மேலே தெளித்தால் படாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய மட்டும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு இலையைத் திருப்பி அடியில் தெளியுங்கள். உச்சிவெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். 5 நாளுக்கு ஒருமுறையாக மூன்று முறை. நடுவில் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்து வடிகட்டிய சாறு ஒருமுறை. தேறின பிறகு பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கொடுங்கள். செடி குட்டையாகி இலையில் மஞ்சள் திட்டும் சேர்ந்திருந்தால் அது வைரஸ். அந்தச் செடியை யோசிக்காமல் பிடுங்கிவிடுங்கள்.

அரூர்: பீர்க்கன் பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது.

மகரந்தம் சேரவில்லை. மாடிக்குத் தேனீ குறைவாகத்தான் வரும். ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். நேரம் முக்கியம்: பீர்க்கன், சுரை சாயங்காலம் மலரும், பாகலும் பூசணியும் காலையில். பக்கத்துப் பையில் துளசியும் சாமந்தியும் வைத்தால் தேனீயே வந்துவிடும்.

தருமபுரி: டீத்தூள், வெங்காயத்தோல் நேராகப் போடலாமா?

வேண்டாம், எறும்பு வரும். மக்க வைத்துப் போடுங்கள்.

பாலக்கோடு: எங்கள் ஊரே தக்காளி ஊர். மாடியில் தக்காளி போட வேண்டுமா? விலை விழும்போது அவ்வளவையும் என்ன செய்வது?

இரண்டு செடி போடுங்கள், மருந்தடிக்காத பழத்தின் ருசி தெரிய. காயின் அடி கருத்தால் நோயென்று பதற வேண்டாம். ஒருநாள் காயவிட்டு ஒருநாள் வெள்ளமாக ஊற்றுவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் வருவது அது. தினமும் அளவாக ஊற்றினால் அடுத்த காய் சரியாகும்.

மற்றபடி, விலை விழுந்த நாளில் பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தைக்கே போய் வாங்குங்கள். பறிகூலிக்கும் கட்டாமல் தோட்டத்திலேயே விட்டுவிடுகிற நாட்களில் ஒவ்வொரு வீடும் 5 கிலோ வாங்கினால் அந்த விவசாயிக்கு அது பெரிய ஆறுதல். நன்றாகக் கழுவி, பாதியை நல்லெண்ணெயில் தொக்காகக் கிளறுங்கள். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை இறக்கக்கூடாது. மீதியை வட்டமாக அரிந்து உப்புத் தடவி, வெள்ளைத் துணியால் மூடி நாலைந்து வெயில் காய வையுங்கள். மழைக்காலத்தில் ரசத்துக்கு நாலு துண்டு போதும்.

ஓசூர்: சித்திரை வெயிலில் எல்லாம் வாடுகிறது. அப்போது என்ன சமைப்பது?

ஓசூர் மேட்டுநிலம், நீங்கள் எங்களைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறீர்கள். முட்டைக்கோசும் பீட்ரூட்டும் உங்களுக்கு நன்றாக வரும், ஐப்பசியில் தொடங்குங்கள். சித்திரைக்குப் பாதி வெயில் விடும் பச்சை நிழல்வலை கட்டி, கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை மட்டும் வையுங்கள். மற்ற பைகள் ஓய்வெடுக்கட்டும். அந்த மாதங்களில் காய் மரத்தில்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிளிமூக்கு மாங்காயை நறுக்கித் தண்டுக்கீரையோடு பருப்பில் போட்டுக் கடையுங்கள், புளியே வேண்டாம்.

காரிமங்கலம்: அவரை விதை எங்கே கிடைக்கும் அக்கா? பாக்கெட் விதை ஒரு வருடத்தோடு சரி.

பக்கத்தில் யார் வீட்டு வேலியில் நன்றாகக் காய்க்கிறதோ அங்கே தை மாதத்தில் கேளுங்கள், இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கொடியிலேயே காய்ந்து சலசலக்கும் நெற்றாக எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி, மண் கலயத்திலோ கண்ணாடி பாட்டிலிலோ மூடி வையுங்கள். ஆடி முதல் மழைக்கு முன்னால் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றிப் பாருங்கள். எட்டு முளைத்தால் மீதியைத் தைரியமாக ஊன்றலாம்.