நோவா என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. "நோவா" என்று பெயரிட என் கணவர் ஆசைப்படுகிறார். மாமியாரோ, "பிள்ளைக்கு யாராவது நோவு என்று பெயர் வைப்பார்களா?" என்று வருத்தப்படுகிறார். வெளிநாட்டில் இருக்கும் நாத்தனார், அங்கே வகுப்புக்கு இரண்டு நோவாக்கள் இருப்பதாகவும், இஸ்ரேலில் அது பெண்பிள்ளைகளின் பெயர் என்றும் சொல்கிறார். இந்தப் பெயரின் உண்மையான பொருள் என்ன? இதை வைக்கலாமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள சகோதரி, தாராளமாக வைக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் எழுந்திருக்கும் மூன்று ஆட்சேபங்களும் ஒரே தரத்தவை அல்ல. நாத்தனார் சொல்வதில் ஒன்று பாதி உண்மை, மற்றொன்று மிகை. மாமியார் சொல்வதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில், பெருவெள்ளத்திலிருந்து பேழையில் தப்பியவர் நோவா. எபிரெயத்தில் இந்தப் பெயர் நூன், ஹேத் என்ற இரண்டே மெய்யெழுத்துகளால் எழுதப்படுகிறது. தொண்டையிலிருந்து எழும் கனத்த ஹகர ஒலியில் முடிகிறது. அந்த ஒலி கிரேக்கத்தில் இல்லாததால் அங்கே "நோயே" என்று ஆனது. ஓய்வு, இளைப்பாறுதல் என்பதுதான் எபிரெய வேர்ச்சொல் தரும் பொருள். ஆனால் ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் மகனுக்குப் பெயரிடும் லாமேக்கு வேறொரு காரணம் சொல்கிறார்: சபிக்கப்பட்ட நிலத்தில் கைகள் படும் பாட்டிலிருந்து இவன் நம்மைத் தேற்றுவான் என்கிறார். தேற்றுதல் என்பதற்குரிய எபிரெயச் சொல் "நஹம்" என்ற வேறொரு வேரிலிருந்து வருவது. ஒலியால் நெருங்கியதே தவிர, நோவா என்ற பெயர் அதிலிருந்து பிறந்ததன்று. இந்தப் பொருத்தமின்மையைப் பழைய யூத உரையாசிரியர்களே கவனித்து, பெயர் விளக்கத்தோடு ஒட்டவில்லை, விளக்கம் பெயரோடு ஒட்டவில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் ஆதியாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், "தேற்றுவான்" என்ற இடத்தில் "இளைப்பாறச் செய்வான்" என்று எழுதி, பெயருக்கும் காரணத்துக்கும் இசைவு உண்டாக்கினார்கள். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்ற உரையாசிரியர், நோவாவுக்கு முன் உழவுக்கருவிகளே இல்லை, அவற்றைச் செய்து கொடுத்து மனிதரின் உழைப்பை இலகுவாக்கியவர் அவரே என்று கூறி வேறு வழியில் அதைச் சரிக்கட்டினார். ஆகவே "உண்மையான பொருள்" எது என்று கேட்டால், வேர்ச்சொல்லின்படி இளைப்பாறுதல், பெயரிட்ட தந்தையின் வாய்மொழிப்படி ஆறுதல் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். குழந்தைப் பெயர்ப் புத்தகங்களில் இவ்விரண்டும் அடுத்தடுத்துக் காணப்படுவதற்குக் காரணம் இதுதான்.

பெருவெள்ளக் கதை முழுவதும் இந்தப் பெயரின் ஒலி திரும்பத் திரும்ப வருவதை எபிரெயத்தில் படிப்பவர்கள் ரசிப்பார்கள். பேழை அராராத் மலைகளின் மேல் தங்கியது என்னும் இடத்தில் வரும் வினை இதே வேர். புறா கால் வைக்க இடம் காணாமல் திரும்பிவந்தது என்னும்போது அந்த "இளைப்பாறும் இடம்" இதே வேர். வெள்ளம் வடிந்தபின் நோவா செலுத்திய பலியின் "சுகந்த வாசனை" என்ற சொல்லும் அந்த ஒலியையே தொடுகிறது. நோவாவுக்குக் கடவுளின் கண்களில் கிருபை கிடைத்தது என்ற வரியில், கிருபை என்ற எபிரெயச் சொல் "ஹேன்", நோவாவின் இரண்டெழுத்துகளையும் முன்பின்னாக மாற்றி எழுதியது. மொழிபெயர்ப்பில் இவை எதுவும் தங்குவதில்லை.

பெயர் நடமாடிய வரலாறு ஏற்ற இறக்கமானது. யூத மரபில் நோவா இஸ்ரவேலருக்கு மட்டும் உரியவர் அல்லர். மனிதகுலம் முழுவதற்கும் பொதுவான ஏழு கட்டளைகள் அவர் பெயரால் வழங்குகின்றன. இஸ்லாத்தில் அவர் நூஹ் நபி. குர்ஆனின் 71-ஆவது அத்தியாயத்துக்கு அவர் பெயரே தலைப்பு. ஆதியாகமம் அவருக்கு 950 ஆண்டு ஆயுள் சொல்ல, ஆயிரத்தில் ஐம்பது குறைந்த ஆண்டுகள் அவர் தம் மக்களிடையே தங்கியிருந்தார் என்று குர்ஆனும் சொல்கிறது. உங்கள் ஊரிலிருந்து வெகுதொலைவில் இல்லாத காயல்பட்டினத்தில் நூஹு என்று பெயர்கொண்டவர்களைக் காணலாம். அவர்களும் உங்கள் மகனும் ஒரே பெயருக்கு உரியவர்களாவார்கள். இங்கிலாந்தில் சீர்திருத்தச் சபைகள் எழுந்தபின், புனிதர்களின் பெயர்களைத் தவிர்க்க விரும்பியவர்கள் பழைய ஏற்பாட்டுப் பெயர்களை நாடினார்கள். அந்த வழக்கம் அவர்களோடு கப்பலேறி அமெரிக்காவுக்கும் போயிற்று. 1828-இல் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட நோவா வெப்ஸ்டர், கனெக்டிகட்டில் 1758-இல் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே அந்தப் பெயர் தாத்தாக்களின் பெயராகி ஒதுங்கிக்கிடந்தது. பின்னர் 1990-களிலிருந்து ஏறத் தொடங்கியது. 1999 முதல் 2012 வரை அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த ஜேக்கப்பை, அதாவது நம் யாக்கோபை, 2013-இல் நோவா கீழிறக்கி 2016 வரை முதலிடத்தில் இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் முதலிடம் பெற்றது.

இனி நாத்தனாரின் "வகுப்புக்கு இரண்டு" என்ற கணக்கைப் பார்க்கலாம். 2013-இல் அமெரிக்காவில் நோவா என்று பெயரிடப்பட்ட ஆண் குழந்தைகள் சுமார் 18,000 பேர். அது அந்த ஆண்டு பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 1950-இல் முதலிடத்தில் இருந்த ஜேம்ஸ் என்ற பெயரோ நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் வைக்கப்பட்டிருந்தது. பெற்றோர் இன்று தேர்ந்தெடுக்கும் பெயர்கள் அவ்வளவு பலவாகிவிட்டதால், முதலிடம் பெற்ற பெயர்கூட உண்மையில் அரிதாகவே இருக்கிறது. தேசிய சராசரியில் பார்த்தால், பதினைந்து பையன்கள் படிக்கும் ஏழு வகுப்புகளைத் தேடினால் ஒரு நோவா அகப்படுவான். பாளையங்கோட்டையிலோ தானியேல்களும் சாமுவேல்களும் வகுப்புக்கு இருவராக இருக்கக்கூடும். நோவா அநேகமாகத் தனியாகத்தான் இருப்பான்.

பெண் பெயர் என்ற பேச்சில் உண்மை இருக்கிறது, ஆனால் அது வேறு பெயர். இஸ்ரேலில் பெண்பிள்ளைகளுக்கு நீண்ட காலம் மிக விரும்பி வைக்கப்பட்டு வரும் "நோஆ", ஹேத் எழுத்துக்குப் பதிலாக அயின் என்ற எழுத்தைக் கொண்டது. அசைவு, இயக்கம் என்று பொருள்படும் வேரிலிருந்து வருவது. எண்ணாகமத்தில், தங்கள் தகப்பனுக்கு மகன் இல்லாததால் அவருடைய நிலத்தின் உரிமை எங்களுக்கே வரவேண்டும் என்று மோசேயின் முன் நின்று வாதாடி வென்ற ஐந்து சகோதரிகளில் ஒருத்தியின் பெயர் அது. (ஆண் நோவா தம் காலத்து மக்களுக்காகக் கடவுளிடம் ஒரு வார்த்தைகூட மன்றாடவில்லையே என்று குறைசொல்லும் யூத உரைகள் உண்டு, அந்தப் பெண்ணைப் பற்றி அப்படிக் குறை சொல்ல இடமில்லை.) நம் தமிழ் வேதாகமம் அவளை "நோவாள்" என்று எழுதி இந்தக் குழப்பத்தை ஒரே எழுத்தில் தீர்த்துவிட்டது. ஆங்கிலத்தில் பையன் பெயர் "எச்" எழுத்தோடு முடியும், பெண் பெயர் அது இல்லாமல் முடியும். கடவுச்சீட்டு எடுக்கும் காலத்தை எண்ணி, அந்த "எச்" விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியாரின் வருத்தத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிள்ளையை நாளெல்லாம் கூப்பிடப் போகிறவர்களுள் அவரும் ஒருவர். அவர் காதில் நோவு என்று விழுவது எபிரெய அகராதியைக் காட்டினால் மாறிவிடாது. பள்ளிக்கூடத்துப் பையன்களும் "எங்கலே நோவு?" என்று சில நாள் கேலி செய்யத்தான் செய்வார்கள். ஆனால் தமிழ்க் காதுக்குத் தமிழிலேயே ஒரு பதில் இருக்கிறது. "சாவா மருந்து" என்று குறளில் வருவது சாவைத் தரும் மருந்தையன்று, சாவு வராமல் காக்கும் மருந்தை. அதே இலக்கணப்படி "நோவா" என்றால் நோகாத, நோவு இல்லாத என்றே பொருள். நோவா மகன் என்றால் நோவு அறியாத மகன். எபிரெயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, தற்செயலான ஒலி ஒற்றுமைதான். இருந்தாலும் லாமேக்கு தந்தையாக நின்று சொன்ன காரணமும் அதே வகையானதுதானே. இதை உங்கள் கணவர் தம் தாயாரிடம் சொல்வது நல்லது. மருமகள் சொன்னால் அது வாதமாகிவிடும்.

அதன்பிறகும் அவர் மனம் ஒப்பவில்லை என்றால், ஞானஸ்நானப் பெயரில் அவர் விரும்பும் இன்னொரு பெயரையும், மாமனாரின் பெயராகவே இருந்தாலும், சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவர் அந்தப் பெயரால் அழைக்கட்டும். அவசரமும் இல்லை. குழந்தையின் பிறப்பைப் பெயரில்லாமலே பதிவு செய்திருந்தால், பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். பதிவான பெயரைப் பின்னர் திருத்துவதுதான் கடினம் என்பதால், இரண்டு பெயர்களையும் எந்த வரிசையில், எந்த எழுத்துகளில் எழுதுவது என்பதை மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகு விண்ணப்பத்தைக் கொடுங்கள்.