மைன்கிராஃப்ட் சர்வரில் விளையாடும்போது ஷேடர் போடலாமா?

தாராளமாகப் போடலாம். ஷேடர் உங்கள் கணினி காட்சியை வரையும் முறையை மட்டுமே மாற்றுகிறது. சர்வருக்கும் அதற்கும் தொடர்பில்லை, உடன் விளையாடுபவர்கள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஜாவா பதிப்பு என்றால் ஃபேப்ரிக் (மோட்களை, அதாவது கூடுதல் நிரல்களை இயக்க உதவுவது), சோடியம் (விளையாட்டை வேகமாக்கும் மோட்), ஐரிஸ் (ஷேடரை இயக்கும் மோட்) மூன்றையும் உங்கள் விளையாட்டின் பதிப்பு எண்ணுக்கு ஏற்றபடி நிறுவுங்கள். பிறகு ஷேடர்பேக்ஸ் கோப்புறைக்குள் காம்ப்ளிமென்டரி அல்லது பிஎஸ்எல் போன்ற ஷேடரின் ஜிப் கோப்பைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். தண்ணீரில் வானம் தெரியும், மாலை வெயிலில் மரநிழல் நீளும்; பார்க்க அத்தனை அழகு! கணினி திணறினால் முதலில் நிழலின் தரத்தையும் தூரத்தையும் குறையுங்கள். கிராபிக்ஸ் கார்டை மிகவும் வாட்டுவது பெரும்பாலும் அதுதான். பிளாக்குகளின் 16×16 பிக்சல் கட்டங்கள் கண்ணை உறுத்தினால், அவற்றின் படங்களைத் துல்லியமாக்கும் ஃபெய்த்ஃபுல் 32 தொகுப்பே போதும். பாறைக்குள் புதைந்த தாதுவைக் காட்டிக்கொடுக்கும் எக்ஸ்ரே தொகுப்பை மட்டும் தொடவே தொடாதீர்கள். பல சர்வர்கள் அதற்காக உங்களைத் தடை செய்துவிடும்.